தோல்வியே அறியாத ஒனேசிம்

நியூ ஆர்லியன்ஸில் வாரம் ஆறு நாள் சுருட்டு சுற்றி, ஏழாம் நாள் கிளாரினெட் வாசித்து வந்த ஒனேசிமுக்கு மூன்று ஆண்டுகளாகத் தோல்வியே கிடையாது. அவரே சொல்லித்தான் இது ஊருக்குத் தெரியும்.

ஞாயிறு மதியம் ஒவ்வொரு வாத்தியக் குழுவும் கோவேறு கழுதை வண்டியில் ஏறி, அன்றைய நடனத்துக்கு ஆள் சேர்க்கத் தெருத்தெருவாக வாசித்துப் போகும். இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் போச்சு. ஜனங்கள் இரண்டின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். போட்டி போட்டு வாசித்து ஒருவர் தோற்கும்வரை அவிழ்க்க மாட்டார்கள்.

ஒனேசிமின் வெற்றி ரகசியம் எளிது. மைத்துனன் ஃபோஸ்தேனின் கிளாரினெட் தூரத்தில் கேட்டதுமே வண்டி சந்துக்குள் திரும்பிவிடும். அதற்காக வண்டியோட்டி சொஸ்தேனுக்கு வாரம் இரண்டு சுருட்டு.

"உங்கண்ணன் மட்டும் என் கையில சிக்கட்டும்!" என்று அந்த ஞாயிறு காலையும் கம்போ சூப்பை உறிஞ்சியபடி முழங்கினார்.

"ஒரே ஊருல இருந்துக்கிட்டு மூணு வருசமாவா சிக்கல?" என்றாள் மனைவி யூலலி.

"பயந்து ஓடுறான்டி."

யூலலி துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

மதியம் துமேன் தெரு முனையில் ஃபோஸ்தேனின் வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. ஒனேசிமின் வண்டி அதைத் தாண்டியபோது, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் யூலலி இரண்டையும் கட்டி முடித்திருந்தாள்.

"வாங்க மச்சான், பயந்து ஓடுறேனாமே?" என்று சிரித்துவிட்டு, ஃபோஸ்தேன் கிளாரினெட்டை உதட்டில் வைத்தான்.

அந்தச் சத்தத்துக்குத் திரும்பியே மூன்று ஆண்டுகள் பழகிய ஒனேசிமின் கழுதை கடமை தவறவில்லை. சட்டென்று சந்துக்குள் திரும்பியது. இரண்டு வண்டி, பன்னிரண்டு வித்வான்கள், பின்னோக்கி இழுபட்ட இன்னொரு கழுதை, கைகொட்டி ஓடிவரும் ஊர் எல்லாம் கூடவே போயின.

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் ஒனேசிம்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!" என்றான் சொஸ்தேன்.

ஆற்றங்கரைச் சுவரில் முட்டித்தான் கழுதை நின்றது. அதற்கு மேல் திரும்பச் சந்து இல்லை. ஆகவே ஒனேசிம் வாசித்தார். அரைமணி நேரம், காது சிவக்க வாசித்தார். அப்புறம் முறைப்படி, சந்தேகத்துக்கே இடமில்லாமல் தோற்றார்.

"இவ்வளவு நல்லா வாசிப்பியாய்யா நீ?" என்றாள் யூலலி, கயிற்றை அவிழ்த்தபடி. "இதுக்கா ஒளிஞ்சே?"

அடுத்த ஞாயிறு சொஸ்தேனுக்கு நான்கு சுருட்டு கிடைத்தது.

"இன்னிக்கு நேராப் போ."

சொஸ்தேன் ஒப்புக்கொண்டான். கழுதை ஒப்புக்கொள்ளவில்லை.