படம் விடுபட்ட புத்தகம்

ஓசூர் விடுதியில் எங்கள் அறையில் நான்கு பெண்கள்: நான், பேரிகை என்ற ஊர்க்காரி, ஊத்தங்கரைக்காரி, மதுரைக்காரி. நால்வருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமை வார்டன் வாசலைத் திறந்துவிடுவது மூன்று மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இணையத்தில் அந்த விளையாட்டுப் புத்தகம் கிடைத்தது. ஒருத்தி கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆட்களாகி, பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு மூச்சு.

அச்செடுக்கக் கொடுத்தபோது ஜெராக்ஸ் கடைக்காரர், "படமெல்லாம் கறுப்பா வரும்மா, விட்டுடட்டா?" என்றார். விடுங்கள் என்றேன். படம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்த மேதாவி நான்.

புத்தகம் ஆங்கிலம். நடத்துகிறவள் நான் என்பதால் தமிழில் சொன்னேன். பூமிக்கடியில் அடைபட்டுக் கிடக்கும் இடத்துக்கு நிலவறை என்ற சொல் வாயில் வரவில்லை. கிடங்கு என்றேன்.

"ஸ்டோரா அக்கா?" என்றாள் பேரிகைக்காரி.

அவ்வளவுதான். கதைக்குள் மூவரும் எங்கள் கம்பெனி ஸ்டோரின் ரேக்குகளுக்கு நடுவே நடந்தார்கள். புதையல் பெட்டியைக் கண்டதும் ஊத்தங்கரைக்காரி, "இத வெளிய எடுத்துட்டுப் போக கேட் பாஸ் யாரு போடுவாங்க?" என்றாள். மதுரைக்காரி, சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்க்கப் பகடை உருட்டினாள். முதலில் சிரித்தோம். மூன்று ஞாயிறும் இதே கதை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

நான்காவது ஞாயிறு ஊத்தங்கரைக்காரி படுத்துக்கொண்டாள். "ஆறு நாளும் அங்கதான கெடக்கறோம். ஏழாவது நாளும் எதுக்குக்கா? வேற ஆளப் பாருங்க."

எனக்குப் பயமாகிவிட்டது. இதுவும் போனால் பழையபடி சுவர்தான். செல்போனை எடுத்து, அச்செடுக்காமல் விட்ட படம் ஒன்றைக் காட்டினேன். ஈரம் வழியும் பாறை, தொங்கும் வேர்கள், தேய்ந்த படிக்கட்டு, உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளிச்சம். ரேக் இல்லை, யூனிபார்ம் இல்லை. மூன்று வாரம் நான் தொண்டை கிழியச் சொல்லியும் புரியவைக்க முடியாததை யாரோ ஓர் ஓவியர் ஒரே பக்கத்தில் முடித்திருந்தார்.

அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "இந்தப் படி வழுக்கும்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதாகச் சொன்னாள். மற்ற இருவரும் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். பகடையும் நல்லபடியாக விழுந்தது. கதைக்குள் ஒவ்வொருத்தியாக நிலவறையை விட்டு வெளியே போனார்கள்.

"மேல என்ன இருக்குது?" என்று கேட்டேன்.

"காத்து" என்றாள் பேரிகைக்காரி.

"நீங்களும் வாங்கக்கா" என்று ஊத்தங்கரைக்காரி கூப்பிட்டாள்.

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். கதை நடத்துகிறவளுக்கு அந்த ஆட்டத்தில் ஆள் கிடையாது, ஏறுவதற்குப் பகடையும் கிடையாது. பொறாமையாக இருந்தது.

"நீங்க போங்க" என்றேன்.