வராதவரைத் தலைவராக்கினோம்

தலைவர்களுக்கெல்லாம் பொதுவான குணம் என்ன? — என் கேள்வி-பதில் பகுதிக்குக் கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். எனக்கு எந்தத் தலைவரோடும் பழக்கமில்லை. வானொலியில் கேட்டவரை எல்லோருக்கும் நல்ல குரல். ஊர்வலத்தில் எல்லோரும் முன்னால் போகிறார்கள். அப்புறம்...? பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பொலிசார் கதவைத் தட்டினார்கள். சுற்றிவளைப்பு!

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸ் ஆண்கள் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னையும்தான்... கட்டியிருந்த சாரத்தோடு!

கொஞ்ச நேரத்தில் ஜெயா அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறையப் பாண், பிளாஸ்கில் பிளேன்டீ. எங்கள் பிளாட்ஸ் சங்கத் தலைவர் இவர்தான். எப்படித் தலைவரானார் தெரியுமா? கூட்டத்துக்கு வராததால்! யாரைப் பிடித்தாலும் பொலிசில் போய் நிற்க வேண்டிய பதவி, யார்தான் விரும்புவார்? அதனால் அன்று யார் வரவில்லையோ அவரைத் தெரிவு செய்துவிடுவது எங்கள் வழக்கம். அக்காவுக்கு அன்று களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக்.

அவருடைய சிங்களம் அரைகுறை. பேச்சாற்றல்? சுத்தமாக இல்லை. பொறுப்பதிகாரி முன் நின்று எங்களை ஒவ்வொருவராகக் காட்டி, "அபே கெனா சேர்" என்றார். எங்கட ஆள். அவ்வளவுதான் பேச்சு.

மதியத்துக்குள் எல்லோரையும் விட்டார்கள், பெருமாளைத் தவிர. கீழ்மாடிச் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடும் ஹட்டன்காரர். அடையாள அட்டை ஊரில். கடை முதலாளி ஹாஜியார் வந்து பொறுப்பெடுத்தால்தான் விடுவார்களாம். அவரோ மாளிகாவத்தையில். தனியே விட்டுவிட்டு வந்தால், பின்னேரத்துக்குள் பெருமாளை எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"நீங்க போங்கம்மா... நான் வந்துருவேன்" என்றார் பெருமாள்.

"நோனா, கெதர யன்ன" — அதிகாரியும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அக்கா வாங்கில் உட்கார்ந்தார். வங்கியில் வேலை செய்யும் ரவியைக் கூப்பிட்டார். "தம்பி, ஓடிப்போய் ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." பிறகு எங்களைப் பார்த்தார். "வேலைக்குப் போறவை போங்கோ, நான் கோவிக்கமாட்டன். பெருமாள் வராமல் நான் எழும்பமாட்டன்."

யாராவது வேலைக்குப் போனோமா? ஒருவரும் இல்லை! தண்ணீர் மோட்டருக்காகத் தினமும் சண்டை பிடிக்கும் மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் ஒரே வாங்கில்... பாணைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டு! எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் ஹாஜியார் வியர்க்க விறுவிறுக்க வந்து கையெழுத்திட்டார். பெருமாள் வெளியே வந்தார். காலி வீதியில் பஸ்ஸை மறித்து, பெருமாளையும் எங்களையும் ஏற்றிவிட்டுத்தான் அக்கா ஏறினார்.

கொட்டாஞ்சேனை வாசகரே, பதில் கிடைத்துவிட்டது — கடைசி ஆள் வரும்வரை நிற்கிற குணம். மேடையில் முழங்கும் தலைவர்களிடம் அது உண்டா? நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பிளாட்ஸில் உண்டு.

ஞாயிறன்று வருடாந்தக் கூட்டம். அக்கா எல்லோருக்கும் முதலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "இந்த முறை வந்திட்டன்... என்னை விட்டிடுங்கோ!"

விடுவோமா? கூட்டத்துக்கு வந்திருந்தும் எங்கள் பிளாட்ஸில் தலைவரான முதல் ஆள் அவர்தான்!