பூனைக்கு ஒன்றரை யூனிட்

கோவில்பட்டியில் நாங்கள் இருந்த தெருவில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அந்த வரிசையில் எங்கள் பூனையும் சேர்ந்தபோது என் கணவருக்குத்தான் பெரிய அவமானம். மருந்துக்கடையில் இன்சுலின் யாருக்கு என்று கேட்டதற்கு, "வீட்டுல" என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தார். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா ஊறவைத்த வெந்தயத்தோடு வந்து, "ஏட்டி, சின்ன வயசுலயே ஒனக்கு வந்துட்டே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பூனைக்கு என்றதும் வெந்தயத்தைத் திரும்ப எடுத்துப் போய்விட்டாள்.

கால்நடை டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். சாப்பிட்ட பிறகு காலையும் மாலையும் ஒரு யூனிட்; அவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. ஆனால் என் கணவருக்கும் பல வருடமாகச் சர்க்கரை. அந்த அனுபவம் அவரைப் பாதி டாக்டர் ஆக்கியிருந்தது.

ஒரு நாள் காலையில், தனக்கென்று வாங்கி ஒருபோதும் தொடாத மீட்டரை எடுத்தார். பூனையைத் துண்டில் சுருட்டி, அமுக்கிப் பிடித்து, காதில் குத்தினார். கையெல்லாம் கீறல். எண் எகிறியிருந்தது. "ஒரு யூனிட் இதுக்குக் காணாது" என்று இரண்டு போட்டார்.

மதியத்துக்கு முன்பே பூனை தள்ளாடி விழுந்தது.

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார், பேப்பரை மடிக்காமலே.

சீனியைத் தண்ணீரில் கரைத்து அதன் ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன். அது என் விரலைக் கடித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஆட்டோ பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

குளுக்கோஸ் ஏற்றி முடித்த டாக்டர், "யாரு கூட்டச் சொன்னா?" என்று கேட்டார்.

"ரீடிங் கூடுதலா இருந்துச்சு சார்."

"அமுக்கிப் பிடிச்சா பயத்துலயே பூனைக்குச் சர்க்கரை ஏறும் அண்ணாச்சி. ஒரு ரீடிங்கைப் பாத்து டோஸை மாத்துதீங்களே, உங்க மாத்திரையவும் இப்படித்தான் மாத்துதீங்களா?"

"இல்ல சார்" என்றார் கணவர். அது உண்மைதான். போட்டால்தானே மாற்றுவதற்கு.

அதன்பிறகு ஊசியும் மீட்டரும் என் கைக்கு வந்தன. மடியில் வைத்துத் தலையைத் தடவி, வெந்நீர்த் துணியால் காதைச் சூடாக்கிக் குத்தினால் பூனை சத்தமே போடாது. டாக்டர் சொன்ன பிறகு அரை யூனிட் கூட்டினேன். அந்த ஒன்றரையில் சர்க்கரை கட்டுப்பட்டது. எலும்பாகத் தெரிந்த முதுகில் சதை வைத்தது. பூனை மறுபடி மதில் ஏறியது.

வாசலில் கணவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆரம்பத்துல நாந்தான் கொஞ்சம் கூட்டிப் பாத்தேன். அப்புறம் கட்டுக்குள்ள வந்துட்டு."

நான் உள்ளே பூனைக்கு மீன் அவித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பாகற்காய்.