பனிமலைக்கு முன்னால் அக்கா

இன்று அலுவலக லிஃப்டில் யாரோ பூசியிருந்த பவுடரின் வாசனை மூக்கில் ஏறியதும், செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவுக்குள் போய் நின்றுவிட்டேன். அங்கே இப்போது செல்போன் கடை. அப்போதெல்லாம் வெளியே ராஜகிரி மலை வெயிலில் வெந்துகொண்டிருக்கும். உள்ளே திரைச்சீலையில் பனிமலை வரைந்திருக்கும். அதன் முன்னால் ஸ்டூலில் வந்து உட்காரும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே டப்பாவிலிருந்து, ஒரே அழுக்குப் பஞ்சால், கழுத்து வரைக்கும் பவுடரை அப்புவார்கள்.

சிங்கவரத்து மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே வெயில் தின்று வளர்ந்த என் அக்காவை, மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டும் போட்டோவுக்காக அங்கே கூட்டிப்போனோம்.

கண்ணாடியைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாம்மா இது, கோலமாவுல வுழுந்தவளாட்டம் இருக்குது!"

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். "வாய மூடுடி. அவங்க பட்டணத்து ஆளுங்க. இந்த இன்னா கின்னாலாம் அங்க பேசினா காட்டுக்காரின்னு நெனப்பாங்க."

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள். விளக்கு பளிச்சென்று அடித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்துப் பேசினாள். பவுடர் இல்லாமல் வாசலுக்குக்கூட வரவில்லை.

போன வருடம் அக்கா செத்துப்போனாள். அவள் தனியாக இருக்கும் படம் அது ஒன்றுதான் என்பதால், அதையே பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எம் பொண்ணு படம் ஒண்ணுகூட இல்லியாடி?"