கழுவிக் கவிழ்த்த பானை

துர்வாசரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. திருவிழா என்றால் பத்து நாளும் ஒலிபெருக்கி வைத்துக் கதை சொல்வார்கள். அதில் ஒருநாள் துர்வாசர் வருவார். காட்டில் திரௌபதி எல்லோருக்கும் சோறு போட்டு, தானும் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒரு பெரும் சீடர் கூட்டத்தோடு வந்து நிற்பார். ஆற்றில் குளித்துவிட்டு வருகிறோம், சாப்பாடு தயாராக இருக்கட்டும் என்பார். இல்லாவிட்டால் சாபம். கடைசியில் கண்ணன் வந்து பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்குக் கீரையை வாயில் போட்டுக்கொள்ள, ஆற்றில் நின்ற அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்துவிடும். முனிவர் வந்த வழியே ஓடிப்போவார். கூட்டம் கைதட்டும். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்காது. ஓட விட்டுவிட்டார்களே, பிடித்து இழுத்து வந்து நாலு கேள்வி கேட்க வேண்டாமா என்று இருக்கும்.

இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் எனக்கே துர்வாசர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகு நிஜமாகவே ஒரு துர்வாசர் வாய்த்தார். என் மாமியாரின் அண்ணன், என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். கோலியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். எங்கள் வீட்டுக்கு அவர் ஒருநாளும் சொல்லிவிட்டு வந்ததில்லை. “தாய்மாமன் சொல்லிட்டு வரணுமா?” என்பார். வரும்போது ஏழெட்டுப் பேர் கூட வருவார்கள். மணி பார்த்து வைத்தது போல, நாங்கள் சாப்பிட்டு முடித்துப் பானை கழுவிய பிறகுதான் வருவார்.

கல்யாணமான மறு வருஷம், ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நாலு மாதம். மயிலம் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். மணி இரண்டரை. குமட்டலோடு அப்போதுதான் படுத்திருந்தேன். எழுந்து உலை வைத்தேன். அரிசி வேக நேரம் ஆகத்தானே செய்யும். குழம்பு கொதிக்கும்போதே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் முன்னால், என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்: “பசின்னு வந்தவன காக்க வச்ச வயிறு இது. இதுல எதுவும் தங்காது.”

அடுத்த மாதம் கலைந்துவிட்டது. டாக்டர் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். நான் கேட்டுக்கொண்டேன். மாமியார் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தது.

மாமா சொன்ன வார்த்தையைக் கூட நான் என்றைக்காவது மறந்திருப்பேன். அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் மறக்க முடியாது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில், எங்கே நாலு பேர் கூடினாலும், “என் வாயில வந்தா பலிச்சிடும், பாத்தீங்க இல்ல?” என்று பெருமை பேசினார். போன என் பிள்ளை அவருக்கு ஒரு சாட்சி ஆகிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன், இந்த மனுஷனை நான் சும்மா விடப் போவதில்லை என்று.

மூன்று வருஷம் காத்திருந்தேன். மறுபடி உண்டானேன். ஆறாவது மாதம் வளைகாப்புப் பேச்சு வந்ததும் மாமியார் பிடித்த பிடியில் நின்றார். “மொதல்ல போய் எங்கண்ணன் கால்ல வுழுந்து அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லு. அப்புறம் வளையல் போடலாம்.” அண்ணனிடமும் சொல்லி அனுப்பினார். பதில் வந்தது: “வந்து கால புடிக்கட்டும், யோசிக்கிறேன்.” பதிலைக் கேட்ட அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபத்தில் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வாரம் மாமாவின் மனைவி போன் செய்தார். அதிகம் பேசாத பெண். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். “எங்கூர்ல திருவிழா ஆரம்பிச்சாச்சு. உங்க மாமா தீ மிதிக்க காப்பு கட்டிக்கினாரு. கோவப்படக் கூடாது, பொய் பேசக் கூடாது, பசின்னு வந்தவங்கள திருப்பி அனுப்பக் கூடாது. வூடே அமைதியா இருக்குது” என்றார். அப்புறம், ஏதோ நினைவு வந்தவர் போல, “ஞாயித்துக்கிழமை நான் சீக்கிரமாவே பானைய கழுவிடுவேன்” என்றார்.

போனை வைத்ததும் யார் யாரைக் கூட்டிப் போவது என்று எண்ண ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்தேன். எங்கள் தெருப் பெண்கள், என் சித்திகள், என் வீட்டுக்காரர், மாமியார் என்று பதினான்கு பேர். திருவிழா பார்க்கப் போகிறோம் என்று மற்றவர்களிடம் சொன்னேன். காலில் விழப் போகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். விக்கிரவாண்டியில் டிரைவர் டீக்கு நிறுத்தப் பார்த்தார். “வேணாங்க, நேரா போங்க” என்றேன். எல்லோரும் பசியோடு இறங்க வேண்டும். நான் மட்டும் கைப்பையிலிருந்த மல்லாட்டையை உரித்துக் கடலையைக் கொறித்துக்கொண்டே வந்தேன். என் வயிற்றில் இருப்பதைப் பட்டினி போட எனக்கு மனசில்லை. இப்படிக் கூட்டத்தோடு போய் நிற்பது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போனேன்.

மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க அவர் முகம் மாறியது.

“பசிக்குது மாமா. பதினாலு பேரும் சாப்பிடல” என்றேன்.

வாயைத் திறந்தார். காப்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடிக்காகவே இன்னும் மூன்று வருஷம் காத்திருக்கலாம் என்று தோன்றியது. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அத்தை வந்து நிலைப்படியில் நின்றார். பின்னால் அடுப்படியில் பானை கவிழ்த்து வைத்திருந்தது.

“எனக்கு முதுகு வலிக்குது. காப்பு கட்டினவரு நீங்கதான, நீங்களே ஆக்கிப் போடுங்க” என்றார். சொல்லிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

மாமாவுக்கு அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. உப்பைத் தேடினார். என் வீட்டுக்காரர் உதவிக்கு எழுந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், உட்கார்ந்துவிட்டார். விறகு ஈரமாக இருந்ததால் புகையில் மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நாங்கள் காத்திருந்தோம். யாரும் எழுந்து போகவில்லை, யாரும் துண்டை உதறவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து இலை போட்டோம். குழைந்த சோறு, உப்பு கூடிப்போன குழம்பு. தரையில் உட்கார்ந்தவர்களுக்குக் குனியாமல் பரிமாற முடியாது. என் இலைக்கு முன்னால் அவர் குனிந்தபோது அவர் தலை என் முழங்காலுக்கு நேராக இருந்தது. “இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா” என்றேன். போட்டார். “குழம்பு?” மறுபடி குனிந்தார். பக்கத்து இலையில் அத்தையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் காலில் விழுவேன் என்று காத்திருந்த மாமியார் பொறுமை இழந்தார். “அண்ணே, அந்த வார்த்தைய எடுத்துடுண்ணே.”

“எடுக்க வேணாம்” என்றேன். சோற்றுக் கையோடு மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. உங்க வாயில வந்தா பலிக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்க. அப்ப என் புள்ளைய கொன்னது நீங்கதானா?”

குழம்புக் கரண்டி அவர் கையில் அப்படியே நின்றது. ஆமாம் என்றால் கொலைகாரர். இல்லை என்றால் இத்தனை வருஷம் பேசிய பெருமை போச்சு. கத்தவும் முடியாது, பொய் சொல்லவும் முடியாது.

“இல்லம்மா” என்றார்.

“அப்ப பலிக்காதா?”

“பலிக்காது.”

“உங்க தங்கச்சிக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க.”

“பலிக்காதும்மா. சும்மா வாயில வந்தது” என்றார். தெருப் பெண்கள் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் முன்னால் அழக் கூடாது என்று அந்த உப்புக் கரித்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. முதல் வளையலை அத்தைதான் போட்டார். இப்போது என் மகளுக்கு இரண்டு வயது.

மாமா இப்போதெல்லாம் சொல்லாமல் வருவதில்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே விழுப்புரத்திலிருந்து போன் செய்வார். “சாப்பாடு இருக்குதாம்மா?” என்று கேட்பார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். “இப்பத்தான் பானைய கழுவினேன், மாமா” என்பேன்.