தொட்டால் சொல்லுங்கள்

ஆராய்ச்சி நிலையத்து வேனை அவர் இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டினார். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விழுந்தால் நின்றுவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சிக்னல்’. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் நிஜப் பெயர் என்று நம்பி ‘சிக்னல் சார்’ என்பார்கள், அவரும் திருத்தமாட்டார். கிளினிக்குகளில் எடுத்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவதும், நீரிழிவு ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவையும் நர்ஸையும் ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. அவருக்கும் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை உண்டு.

டாக்டரம்மாவின் கேள்வி ஒன்றுதான். சர்க்கரையால் மரத்துப்போன கால், எட்டு மாதம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் உணர்வு பெறுமா? அதற்கு நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். ஒருநாள் வண்டியில் போகும்போது டிரைவரின் பின்தலை கண்ணில் பட்டது.

“சிக்னல், நீங்க வந்தா என்ன?”

“கால்ல கோளாறுன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா ஸ்டீயரிங்கப் பிடுங்கிடுவாங்கம்மா. இத விட்டா எனக்கு ஒரு வேலையும் தெரியாது. அடுப்பு பத்தவைக்கக்கூடத் தெரியாது, வீட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க.”

“எந்த ஆபீசுக்கும் போகாது. என் பீரோவத் தாண்டாது.”

மாதம் ஒரு சோதனை. கட்டிலில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். டாக்டரம்மா விறைப்பான நைலான் இழையை உள்ளங்காலில், அது வளையும்வரை அழுத்துவார். ஒவ்வொரு காலிலும் பத்து இடம். தொட்டால் ‘ஆமா’ சொல்லவேண்டும். சிக்னல் முதல் மாதமே தயங்காமல் சொன்னார். அடுத்த மாதம் இன்னும் வேகமாகச் சொன்னார். மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கியதால் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்கு மட்டும் உறுத்தியது. மூன்றாம் மாதம் இழையைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, முக்காலி கிரீச்சிடும்படி முன்னால் சாய்ந்தார்.

“ஆமா,” என்றார் சிக்னல்.

மறுபடி சாய்ந்தார். “ஆமா.” மூன்றாவது முறை கொஞ்சம் யோசித்து, “லேசா,” என்றார்.

அன்றே நரம்பின் வேகத்தை அளக்கும் கருவியிலும் அவர் காலை வைத்துப் பார்த்தார் டாக்டரம்மா. கருவிக்குப் பொய் சொல்ல வராது. பிரேக்கை மிதிக்கும் அந்தக் காலுக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரிய வழியில்லை. கண்ணும் பழக்கமும்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தன.

“நல்லா இருக்கு,” என்று சொல்லி டாக்டரம்மா அவரை அனுப்பினார்.

மறுநாளிலிருந்து டாக்டரம்மா பஸ்ஸில் போனார். வழியில் ஒரு வேலை இருக்கிறது என்றார். ரத்தப் பெட்டியும் நர்ஸும் வழக்கம்போல வேனில்தான்.

ஆறாம் மாதம் ஒருநாள் கிளினிக் வாசலில் இறங்கிய நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணே, ஒரு செருப்பு எங்கண்ணே?”

சிக்னல் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. “ரோடு கேட்டுச்சு, குடுத்துட்டேன்,” என்றார். நர்ஸ் இதை டாக்டரம்மாவிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். அவர் தேதி கேட்டு எழுதிக்கொண்டார்.

எட்டாம் மாதக் கடைசி அளவு காலையில் எடுக்கப்பட்டது. நாற்பது பேருக்கும் முடிந்தது. மதியத்துக்குள் சிக்னலின் காலைப் பற்றி டாக்டரம்மாவின் கடிதம் வாகனப் பிரிவுக்குப் போய்விட்டது.

“மேடம், உங்களுக்கு எப்பத் தெரியும்?” நர்ஸ் வந்து நின்றாள்.

“மூணாவது மாசம்.”

“நான் தெனம் அந்த வண்டிலதான போனேன்!”

“வேலை போச்சுன்னா அந்த ஆள் மறுபடி இங்க வருவாரா? நாப்பது முப்பத்தொம்பதாயிடும்.”

நர்ஸ் பதில் சொல்வதற்குள் சிக்னல் உள்ளே வந்தார். சாவியை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். சண்டை போடவில்லை. தானே கட்டிலில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னொரு தடவ பாருங்கம்மா. இந்தத் தடவ நெஜமா தெரிஞ்சா மட்டும் சொல்றேன். ஒரே ஒரு இடத்துல தெரிஞ்சாலும் கடுதாசியத் திருப்பி வாங்கிடுங்க.”

“சரி,” என்றார் டாக்டரம்மா.

முக்காலியில் உட்காராமல், நின்றபடியே குனிந்து வலது காலில் பத்து இடம் அழுத்தினார். இடது காலில் பத்து இடம். கட்டைவிரலில் இழை வில்லாக வளைந்தது. பிறகு அதைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

சிக்னல் கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“நான் ரெடி,” என்றார். “ஆரம்பிங்கம்மா.”