உப்பு ஏரிக்கு ஒரு வண்டி போச்சு, ஒரு வண்டி திரும்புச்சு

டூர் கூட்டிப்போகிற வேலையில் இடத்தைப் பார்க்க நேரமே இருக்காதுங்க, ஆளைப் பார்க்கத்தான் சரியாக இருக்கும். ஒரு கூட்டத்தை வெளியூர் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த யாருக்கும் இது புரியும். இந்த வருசம் கோயமுத்தூரிலிருந்து லடாக்குக்குப் போனோம். சாங்லா கணவாயைத் தாண்டினால் பாங்காங் என்கிற உப்பு ஏரி. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, நான் பொறுப்பாளராகப் போன முதல் பெரிய பயணம் அது.

வேகாத சோறு

லே நகரில் எங்கள் சமையல்காரர் பழனி அண்ணன் பெரிய குண்டாவில் உலை வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, அரிசி மட்டும் வேகவில்லை. அவ்வளவு உயரத்தில் கொதிக்கிற தண்ணியிலும் சூடு பத்தாதாம், குக்கர்தான் வேணுமாம். அது எங்களுக்குத் தெரிவதற்குள் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தியூர்ப் பக்கம் தோட்டமும் மாடுகளுமாக இருக்கும் ருக்மணி அக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்தார். விமானத்தில் சீட்டு குறுகல், ஓட்டலில் கம்பளி கனம் என்று கிளம்பியதிலிருந்தே குறை சொல்லிக்கொண்டு வந்தவர்.

"ஏனுங்க அம்மணி, ஊறப்போட்ட அரிசியை வடிச்சுப்போட்டு அப்படியே வெச்சுட்டீங்களா?"

யாருக்கும் ஒன்னுமில்லை

மலை ஏறும் முன் லேயில் தங்கி அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும். தலைவலியோ மயக்கமோ வந்தால் மறைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். நம்ம ஆளுங்க சொல்வார்களா? அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகிவிடுமே! ஒருத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கேனுங்க" என்றார். இன்னொருத்தர் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்தபடி "ஒன்னுமில்லீங்க" என்றார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் ஓட்டுநர் என்னிடம் இந்தியில் கேட்டார்.

"மேடம், உங்க ஊர்ல யாருக்குமே தலை வலிக்காதா?"

ஆறிப்போன டீ

கணவாய் உச்சியில் பனி. இரண்டு வண்டி ஆட்களும் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ருக்மணி அக்கா மட்டும் வண்டியிலேயே இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போய், சர்க்கரைப் பாகு மாதிரி இருந்த டீ. ஒரு மடக்குக் குடித்துவிட்டு "நல்லா இருக்குதுங்க" என்றார்.

அந்த டீக்குக்கூட அவர் குறை சொல்லவில்லை. உதட்டைப் பார்த்தேன், நீலம் பாய்ந்திருந்தது. இறக்கி நடக்கவிட்டால் கால் தள்ளாடியது. அங்கிருந்த ராணுவ முகாமில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஏரியும் உயரம்தான், உடனே லேக்கு இறக்குங்கள் என்றார்கள். மற்றவர்களைப் பழனி அண்ணனோடு இன்னொரு வண்டியில் ஏரிக்கு அனுப்பிவிட்டு, நான் அக்காவோடு திரும்பினேன். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை.

"மாட்டைக் கறக்க ஆளு விட்டுப்போட்டு வந்தேன் கண்ணு, ஏரியப் பாக்காம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?"

போனில் மகன்

ஆசுபத்திரியில் அக்கா கண்ணை மூடிக் கிடந்தார். முகத்தில் மாஸ்க். பிழைப்பாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்த நேரம் பார்த்து வீடியோவில் மகன் வந்தான். "அம்மா, ஏரியக் காட்டு" என்றான். நான் என்னத்தைக் காட்ட? அவன் குரல் கேட்டு அக்கா கண் திறந்தார். மாஸ்க்கை லேசாக விலக்கினார்.

"உங்கம்மா ஏரியப் பாக்கலடா தங்கம், என்னையத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா."

பாட்டில் தண்ணி

மறுநாள் சாயங்காலம் ஏரிக்குப் போன வண்டி வந்தது. எழுந்து உட்காருமளவுக்கு அக்கா தேறியிருந்தாலும், மறுபடி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழனி அண்ணன் ஒரு பாட்டிலில் ஏரித் தண்ணி கொண்டுவந்திருந்தார். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். படத்தில் பார்த்த ஏரியின் நீலமெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் தண்ணி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இதுக்கா இத்தன மலை ஏறிப் போனீங்க? எங்க தோட்டத்து போர்த்தண்ணி இதவிட உப்புங்க!"

குறை சொல்ல ஒரு ஆளாவது இல்லாத வண்டியைக் கிளப்ப, எனக்கு இன்னைக்கும் பயம்தானுங்க.